பார்னார்ட் காசில் ஊரும் அதன் தொழில்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஊரின் பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

2020இல் கேட்டிருப்பீர்கள். கொரோனா ஊரடங்கு நேரத்தில், அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சனின் முதன்மை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் டர்ஹமிலிருந்து ஏறக்குறைய 30 மைல் காரோட்டி இங்கே வந்துபோனார். விஷயம் வெளியே வந்து பத்திரிகையாளர்கள் துளைத்தெடுத்தபோது, லண்டன் வரை காரோட்டும் அளவுக்குக் கண் தெளிவாகத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் போனேன் என்றார். கண் தெரிகிறதா என்று பார்க்க யாராவது காரோட்டுவார்களா என்று நாடே சிரித்தது.

இதில் பலருக்குத் தெரியாத வேடிக்கை ஒன்று உண்டு. டர்ஹம் வட்டாரத்தில் யாராவது சப்பைக்கட்டு கட்டினால், "போதும் போதும், இது பார்னி காசில்" என்று சொல்லும் பழைய வழக்கு ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே பழமொழித் தொகுப்பில் ஏறிவிட்ட சொலவடை அது. கம்மிங்ஸுக்கு அது தெரிந்திருந்தால் வேறு ஊரைச் சொல்லியிருப்பார்.

ஊர் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தின் தென்கோடியில், டீஸ் ஆற்றின் வடகரையில். மக்கள்தொகை ஐந்தாயிரத்துச் சொச்சம். ஊர்க்காரர்கள் செல்லமாக 'பார்னி' என்பார்கள். மேற்கே போகப் போக மேய்ச்சல் மலை, அதற்கும் மேலே கரி மண் படிந்த பொட்டல். ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஸ்டார்ட்ஃபோர்த் 1974 வரை யார்க்ஷயரைச் சேர்ந்தது. பாலத்தைத் தாண்டினால் வேறு மாவட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கல்யாண விஷயத்தில் தேவைப்படும்.

யார் அந்த பார்னார்ட்? அவர் கோட்டைதானே இது?

ஆமாம். நார்மன் படையெடுப்புக்குப் பிறகு இந்தப் பகுதி பேலியோல் குடும்பத்தின் கைக்கு வந்தது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கி டி பேலியோல் ஆற்றங்கரைப் பாறை மேல் முதல் அரணைக் கட்டினார். அடுத்த நூற்றாண்டில் பெர்னார்ட் டி பேலியோல் அதைக் கல்கோட்டையாக்கினார். ஊருக்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

இதே குடும்பத்தில் பின்னால் வந்த ஜான் பேலியோல், டர்ஹம் ஆயரோடு தகராறு செய்து, அதற்குப் பிராயச்சித்தமாக ஆக்ஸ்ஃபோர்டில் ஏழை மாணவர்கள் சிலருக்குப் படியளக்க ஒப்புக்கொண்டார். அந்தத் தண்டனைதான் இன்றைய பேலியோல் கல்லூரி. அவர் மகன், அவரும் ஜான்தான், 1292இல் ஸ்காட்லாந்தின் அரசரானார். நாலே வருஷத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அவரை இறக்கிவிட்டார். பேலியோல்களின் கோட்டையும் அத்தோடு கைமாறியது. பல கை மாறி, 15ஆம் நூற்றாண்டில் மனைவி வழியாக மூன்றாம் ரிச்சர்டிடம் வந்தது. அவருடைய சின்னமான காட்டுப்பன்றி கோட்டையின் ஜன்னல் மாடம் ஒன்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. தேய்ந்துபோய்விட்டதால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கோட்டை ஏன் இப்படி இடிந்து கிடக்கிறது? போரா?

ஒரு போர் உண்டு. ஆனால் இடித்தது போர் இல்லை, வீட்டு மராமத்து.

1569இல் வடக்கத்திக் கத்தோலிக்கப் பிரபுக்கள் முதலாம் எலிசபெத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். சர் ஜார்ஜ் போஸ் என்பவர் ராணியின் பக்கம் நின்று, இந்தக் கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். பதினொரு நாள் முற்றுகை. தீனியும் தண்ணீரும் குறைய, அவர் ஆட்களே மதிலேறிக் குதித்து எதிரணியில் சேர்ந்தார்கள். குதித்ததில் கழுத்து முறிந்து செத்தவர்களும் உண்டு. கடைசியில் போஸ் சரணடைந்தார். ஆனால் அந்தப் பதினொரு நாள் தாமதம் ராணியின் படை திரள உதவியது, கலகம் தோற்றது. அதற்கு ஊரார் கொடுத்த பரிசு, வெளியே வந்து சண்டை போடத் துணியாத கோழை என்று ஒரு கேலிப்பாட்டு. மேலே சொன்ன 'பார்னி காசில்' சப்பைக்கட்டும் இதிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

1630 வாக்கில் கோட்டையை வாங்கிய சர் ஹென்றி வேன், சில மைல் தள்ளியிருந்த தன் ரேபி கோட்டையைச் சீர்செய்ய இங்கிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார். கோட்டை போயிற்று. ஊருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை, ஏனென்றால் அது அதற்கு வெகு முன்பே சந்தையை நம்பிப் பிழைக்கத் தொடங்கியிருந்தது.

சந்தை ஊர் என்றால் என்ன? எல்லா ஊரிலும்தான் கடை இருக்கிறதே?

இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்டிவிட முடியாது. அதற்கு அனுமதி வேண்டும், அந்த அனுமதி காசு. சந்தைக்கு வருகிற மாட்டுக்கும் மூட்டைக்கும் சுங்கம் வசூலாகும், அது நிலப்பிரபுவுக்குப் போகும். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் பெர்னார்ட் பேலியோல் இந்த ஊர்க்காரர்களுக்கு நகர உரிமைப் பட்டயம் கொடுத்தார். மனையை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வாடகையைப் பணமாகக் கட்டினால் போதும், வயலில் இறங்கி உழைக்க வேண்டியதில்லை. கைத்தொழில்காரர்கள் வந்து குடியேற இது போதாதா?

ஊரின் வடிவமே அந்தச் சந்தைதான். கோட்டை மதிலை ஒட்டி ஒரே நீளத் தெரு. மேட்டில் கால்கேட் என்று தொடங்குகிறது, அப்புறம் ஹார்ஸ்மார்க்கெட், அப்புறம் மார்க்கெட் பிளேஸ், பிறகு சரேலென்று ஆற்றை நோக்கி இறங்குகிறது. நான்கு பெயர், ஒரே தெரு. ஹார்ஸ்மார்க்கெட் குதிரைச் சந்தை, அதைச் சொல்ல வேண்டாம். கால்கேட்டில் மாடுகளும் கூடின, அதற்கு முன் தூக்குமரமும் இருந்தது, பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

தெருப் பெயரெல்லாம் 'கேட்' என்று முடிகிறதே, அத்தனை வாசலா?

வாசல் இல்லை. வைக்கிங்குகள் வடக்கு இங்கிலாந்தில் விட்டுப்போன பழைய நோர்ஸ் சொல் அது, தெரு என்று பொருள். தார்ன்கேட், பிரிட்ஜ்கேட், நியூகேட் எல்லாம் அப்படித்தான். ஆற்றுக்கு இறங்கும் செங்குத்தான தெருவுக்கு 'தி பேங்க்' என்று பெயர். அங்கே போய் வங்கியைத் தேடாதீர்கள், வடக்கத்திப் பேச்சில் பேங்க் என்றால் மேடு.

அந்த மேட்டில் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடமான பிளாக்ரேவ்ஸ் வீடு இருக்கிறது. 1648 அக்டோபரில் நாடாளுமன்றப் படைத் தளபதி ஆலிவர் கிராம்வெல் ஊருக்கு வந்தபோது, பெரிய மனிதர்கள் காய்ச்சிய ஒயினும் பிஸ்கோத்து மாதிரியான ஒரு பண்டமும் கொடுத்து உபசரித்த இடம் அதுதான் என்பது ஊர்ச் செய்தி.

தெரு நடுவில் எட்டுப் பட்டைக் கட்டடம் ஒன்று இருக்கிறதே, அது கோயிலா?

கோயில் இல்லை, வெண்ணெய்ச் சந்தை. 1747இல் தாமஸ் பிரேக்ஸ் என்பவர் கட்டிக்கொடுத்தது. சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். மலைப்பக்கப் பண்ணைகளிலிருந்து வரும் பெண்கள் அதன் நிழலில் உட்கார்ந்து வெண்ணெயும் பால்கட்டியும் முட்டையும் விற்றார்கள். மாடியில் ஊர் மன்றம், வழக்கும் விசாரித்தார்கள். கீழே நடுவில் குடிகாரர்களையும் திருடர்களையும் அடைத்துவைக்க ஓர் அறை. கொஞ்ச காலம் தீயணைப்பு வண்டியும் அங்கேதான் நின்றது. ஊருக்கு வேண்டியது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

உச்சியில் இருக்கும் காற்றுக்காட்டியில் இரண்டு துப்பாக்கித் துளைகள் உண்டு. 1804இல் டெய்லர் என்ற சிப்பாயும் கிரடாஸ் என்ற வேட்டைக்காட்டுக் காவல்காரரும் தங்களில் யார் குறி நல்லது என்று வாக்குவாதம் செய்து, டர்க்ஸ் ஹெட் விடுதி வாசலில் நின்றபடி அதைச் சுட்டார்கள். இரண்டு குண்டும் பட்டது. தகராறு தீர்ந்ததா என்றால், எப்படித் தீரும்?

சந்தை இல்லாத நாளில் மக்கள் என்ன தொழில் செய்தார்கள்?

எனக்கு இந்த ஊரில் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மேற்கு மலையில் மேய்கிற ஆடுகள் முகம் கறுத்து மூக்கு வெளுத்த முரட்டு ஜாதி. மழையிலும் பனியிலும் கிடப்பதால் அவற்றின் மயிரும் முரடு. உடம்போடு ஒட்டிப் போட்டால் அரிக்கும். ஆனால் மிதித்தால் தேயாது. அந்தக் கம்பளி இங்கே முதலில் முரட்டுத் துணியாகவும் காலுறையாகவும் ஆனது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரைவிரிப்பாக மாறியது. கம்பளியை அலசவும் சாயம் போடவும் சக்கரம் சுற்றவும் டீஸ் ஆறு பக்கத்திலேயே இருந்தது. தோல் பதனிடுகிறவர்களும் அதே தண்ணீரைத் தேடி அதே கரைக்கு வந்தார்கள். ஆக, ஊரின் மேல்பாதி விற்றது, கீழ்பாதி செய்தது. தார்ன்கேட்டும் பிரிட்ஜ்கேட்டும்தான் அந்தக் கீழ்பாதி.

தார்ன்கேட்டில் நெசவாளர் வீடுகள் இன்றும் நிற்கின்றன. மற்ற வீடுகளிலிருந்து அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது, அண்ணாந்து பார்த்தால் போதும். கீழ்த்தளத்து ஜன்னல்கள் சாதாரணமாக இருக்கும், மேல்தளத்தில் மட்டும் சுவரின் பாதி அகலத்துக்கு வரிசையாகக் கண்ணாடி. தறி மேலே இருந்தது. மெழுகுவர்த்தி விலைக்கு இரவில் நெய்தால் கட்டுப்படியாகாது, ஆகவே பகல் வெளிச்சத்தின் கடைசிச் சொட்டு வரை வேண்டும். குளிர்காலத்தில் இந்த ஊரில் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும். கூலி எவ்வளவு என்று அந்த ஜன்னல் சொல்லாது, ஆனால் வேலை நேரம் எவ்வளவு என்று சொல்லிவிடும்.

தரைவிரிப்புத் தொழில் என்ன ஆயிற்று?

நசிந்துவிட்டது, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள். ஹாலிஃபாக்ஸ், கிடர்மின்ஸ்டர் போன்ற ஊர்களில் நீராவியில் ஓடும் தறி வந்துவிட்டது. இங்கே இருந்ததோ ஆறும் கையும். நீராவிக்கு நிலக்கரி வேண்டும், அதை மலிவாகக் கொண்டுவர ரயில் வேண்டும். டார்லிங்டனிலிருந்து ரயில் வந்தது 1856இல். வந்த ரயிலோ நிலக்கரியோடு வெளியூர் ஆலைச் சரக்கையும் சேர்த்தே இறக்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது என்பது என் எண்ணம்.

ஆனால் எதிர்க்கரையில் அல்லதார்ன் குடும்பத்தின் ஆளிநார் ஆலை தாக்குப்பிடித்தது. செருப்புத் தைக்கிறவர்களுக்கான கெட்டி நூல் அவர்களுடைய சரக்கு. அதுவும் 1930களில் மூடியது. இப்போது கட்டடம்கூட இல்லை.

1849இல் ஏதோ பெரிய சாவு நடந்தது என்கிறார்களே?

காலரா. 143 பேர் இறந்தார்கள். புனித மேரி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது.

பட்டயம் கொடுத்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமான தோட்டம் இருந்தது. நெசவு பெருகியபோது அந்தத் தோட்டங்களில் வரிசையாகக் குச்சுவீடுகளை எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். ஒரு சந்துக்குள் பல குடும்பம், அவர்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பிடம், மேட்டிலிருந்து எல்லாக் கழிவும் இறங்கி வருவது ஆற்றங்கரைக்கு. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பிய காலம் அது. தண்ணீரைச் சந்தேகித்தவர்கள் மிகச் சிலர். அழகான நீள ஜன்னலைப் படம் பிடிக்கும்போது அந்தச் சந்துக்குள்ளும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

பாலத்தில் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்பது உண்மையா?

அப்படித்தான் சொல்கிறார்கள். பழைய கல்பாலத்தின் ஒரு முனை ஓர் ஆயரின் ஆளுகை, மறுமுனை இன்னொருவருடையது. நட்ட நடுவில் நின்றால் இரண்டு பேரும் கேட்க முடியாதாம்! கத்பர்ட் ஹில்டன் என்ற கில்லாடி, வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஜோடிகளை அங்கே நிறுத்தி, விளக்குமாற்றுக் கம்பைத் தாண்டவைத்து, கல்யாணம் முடிந்தது என்று அறிவித்துவிட்டுக் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். அவர் சொன்னதாக வழங்கும் வாழ்த்தின் சாரம், இதனால் உங்களுக்கு லாபமில்லை, எனக்கு நஷ்டமில்லை என்பதுதான். நேர்மையான மனிதர்.

சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்தாரா?

1838 குளிர்காலத்தில் வந்து, மார்க்கெட் பிளேஸில் இருந்த கிங்ஸ் ஹெட் விடுதியில் தங்கினார். பிள்ளைகளைத் தொலைதூர விடுதிப் பள்ளிகளில் தள்ளிவிட்டு மறந்துவிடும் வழக்கத்தைப் பற்றித் துப்புத் துலக்க வந்த பயணம். சில மைல் தள்ளி போஸ் கிராமத்தில் வில்லியம் ஷா நடத்திய பள்ளி, பையன்களுக்குக் கவனிப்பில்லாமல் கண் பார்வை போன வழக்கில் 1823இலேயே நீதிமன்றம் ஏறியிருந்தது. டிக்கன்ஸ் இதை வைத்து 'நிக்கோலஸ் நிக்கல்பி' நாவலை எழுதியதற்குப் பிறகு அந்த வகைப் பள்ளிகளுக்கு மவுசு போய்விட்டது. விடுதிக்கு எதிரே ஹம்ஃப்ரீஸ் என்பவரின் கடிகாரக் கடை. டிக்கன்ஸ் பின்னால் தொடங்கிய 'மாஸ்டர் ஹம்ஃப்ரீஸ் கிளாக்' என்ற வாரப் பத்திரிகையின் பெயரில் அந்தக் கடிகாரக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஊரின் பெருமை.

இத்தனை சின்ன ஊரில் பிரெஞ்சு அரண்மனை எப்படி வந்தது?

அதுதான் போஸ் அருங்காட்சியகம். முதல்முறை பார்க்கிறவர்கள் வாய் பிளப்பது வழக்கம். நெசவாளர் வீடுகளும் ஆட்டுச் சந்தையும் உள்ள ஊரின் ஓரத்தில், பாரிசிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி ஒரு மாளிகை.

ஜான் போஸ் 1811இல் பிறந்தவர். பிறந்தபோது பெற்றோருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. தந்தை ஸ்ட்ராத்மோரின் பத்தாவது பிரபு. 1820இல் சாகக் கிடந்த நிலையில் மேரி மில்னரை மணந்து, அடுத்த நாளே இறந்துபோனார். பிரபுப் பட்டம் மகனுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் டர்ஹம் சொத்து கிடைத்தது. அந்தச் சொத்துக்கு அடியில் நிலக்கரி. பணம் பொங்கியது. அவருடைய குதிரைகள் எப்சம் டெர்பி பந்தயத்தில் நான்கு முறை ஜெயித்தன.

பாரிசில் நாடக அரங்கு நடத்தப் போனவர், ஜோசஃபின் என்ற நடிகையைச் சந்தித்து 1852இல் மணந்தார். பிள்ளைகள் இல்லை. சேர்த்ததையெல்லாம் மக்கள் பார்க்க ஓர் அருங்காட்சியகமாக்குவது என்று முடிவு செய்தார்கள், யோசனையில் முந்தி நின்றவர் ஜோசஃபின். 1862 முதல் 1874 வரை ஏறத்தாழ 15,000 பொருள்களை வாங்கிக் குவித்தார்கள். எல் கிரெகோவின் ஓவியம் ஒன்றை எட்டுப் பவுண்டு விலைக்கு வாங்கினார்கள். அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான் மதிப்பு. 1773இல் செய்யப்பட்ட வெள்ளி அன்னம் ஒன்று உண்டு. சாவி கொடுத்தால் இசைக்கும், கழுத்தை வளைத்துக் கண்ணாடித் தண்ணீரிலிருந்து ஒரு மீனைக் கொத்தும். அதன் விலை 200 பவுண்டு. ஆக, பொம்மைக்கு 200, எல் கிரெகோவுக்கு 8.

1869 நவம்பரில் அடிக்கல் நாட்டு விழா. உடல்நிலை சரியில்லாத ஜோசஃபின் கல்லைக் கரண்டியால் தொட்டதோடு சரி. அடிக்கல் என்னுடையது, உச்சிக்கல் உங்களுடையது என்று கணவரிடம் சொன்னாராம். ஜோசஃபின் 1874இல் இறந்தார், ஜான் போஸ் 1885இல் இறந்தார். அருங்காட்சியகம் திறந்தது 1892 ஜூன் 10. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இப்போது ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது? சுற்றுலாவா?

சுற்றுலா கொஞ்சம். பெரிய சம்பளம் மருந்துத் தொழிற்சாலையில். இரண்டாம் உலகப்போர் முடிகிற கையோடு கிளாக்சோ நிறுவனம் இங்கே பெனிசிலின் தயாரிக்க ஆலை கட்டியது. ஒருகாலத்தில் கம்பளிக்குச் சாயம் போட்ட ஊர் பூஞ்சையை வளர்த்து மருந்து எடுக்கத் தொடங்கியது. இன்று ஜிஎஸ்கே என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தின் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கிறார்கள். இந்த அளவு ஊருக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. அங்கே ஒரு தும்மல் வந்தால் ஊர் முழுக்கச் சளி பிடிக்கும் என்பதும் உண்மைதான்.

ஆட்டு ஏலம் இன்னமும் நடக்கிறது. ஏலக்காரர் விலை சொல்லும் வேகத்தைப் புரிந்துகொள்ள உள்ளூர் ஆங்கிலம் போதாது, அதற்குத் தனிக் காது வேண்டும்.

போவது எப்படி? எந்த நாளில் போகலாம்?

ரயில் கிடையாது. மேற்கே மலையைக் கடந்து டர்ஹமின் கல்கரியையும் கம்பர்லாந்தின் இரும்புக்கல்லையும் சுமந்த ஸ்டெயின்மோர் பாதை 1861இல் வந்து 1962இல் போய்ச் சேர்ந்தது. டார்லிங்டன் பாதையும் 1964இல் மூடப்பட்டது. இப்போது டார்லிங்டன் வரை ரயில், அங்கிருந்து சுமார் 16 மைல் பேருந்து.

புதன்கிழமை போங்கள், வாரச் சந்தை அன்றுதான். அன்னம் எந்த நேரத்தில் ஓடும் என்று அருங்காட்சியகத்தில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கால்கேட்டில் தொடங்கி, வெண்ணெய்ச் சந்தையைச் சுற்றி, தி பேங்க் வழியாகத் தார்ன்கேட் வரை இறங்குவது சுகமான நடை. திரும்பி ஏறுவதற்கு மட்டும் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள், பேருந்து மேட்டின் மேலேதான் நிற்கும்.